விளக்குக்கு வந்தது

நீளம் நான்கு புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
நிறம் என்ற இடத்தில்
தார்ப்பழுப்பு என எழுதுவது இங்கே வழக்கம்.
எனக்கு அது புளியங்கொட்டை,
அதுவும் வறுபடும்போது, தோல் வெடிக்கும் முன்.

பாசெல் அருங்காட்சியகத்தின் மூன்றாம் நிலவறை.
தலைக்கு மேல் எங்கோ டிராம் திரும்ப
இழுப்பறைக் கண்ணாடிகள் மெல்ல அதிர்கின்றன.
வெந்நீரில் ஊறி இளகியதும்
ஊசிமுனையால் வயிற்றைத் திறந்தேன்:
காற்புள்ளி போல் வளைந்த ஆணுறுப்பு,
நுனியில் ஒரு கொக்கி.
அந்தக் கொக்கிதான் புதிய இனம்;
மற்றபடி இது
பக்கத்து ஊசியில் இருப்பவனின் அச்சு.

பிடித்தவர் கையெழுத்து, பென்சிலில்:
சுமத்ரா, 1931. மழை. விளக்கு.
அவ்வளவுதான்.
எதைத் தின்றது, எந்த மரம்,
பகலில் எங்கே ஒளிந்தது,
ஒன்றும் இல்லை.
விளக்குக்கு வந்தது.
வந்ததால் இங்கே இருக்கிறது.
நுண்ணோக்கியடியில் இன்று அதற்கு
இரண்டாவது விளக்கு.

அந்த மலைச்சரிவை வரைபடத்தில் தேடினேன்.
வரிசை வரிசையாக எண்ணெய்ப்பனை,
எண்ணெய் வைத்து வாரிய தலை போல.

இடது பின்னங்கால் இல்லை, என்று தட்டினேன்.
சிவப்புச் சீட்டை ஊசியில் ஏற்றினேன்.
பெயர் இன்னும் வைத்தபாடில்லை;
லத்தீனில் விளக்கு ஆண்பாலா பெண்பாலா என்று
ஊர்சினா அகராதி புரட்டிக்கொண்டிருக்கிறாள்.

கடைசி வரி, இந்தத் தொழிலில் பலரும் எழுதுவது:
பெண்: அறியப்படவில்லை.

அகராதியோடு எழுந்து வந்து
தோளுக்கு மேல் எட்டிப் படித்தவள்
"நம்மைப் பற்றியா?" என்றாள்.
சிரித்ததில் மூச்சுப் பட்டு
நான்கு புள்ளி இரண்டு மில்லிமீட்டர்
ஒட்டிய அட்டைமுனையோடு
லேசாக ஆடியது.