என்று வாசித்துக்கொள்ள வேண்டியது

உத்திராபதி சார் 'கரெக்‌ஷன்' என்று சொல்லமாட்டார்.
கரெக்‌ஷன் பள்ளிக்கூடத்தில், சிவப்பு மையில் நடப்பது.
கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை இனிஷியல் பிசகினால்
பேனாவால் அடித்து மேலே எழுதலாம், அது கரெக்‌ஷன்.
பதிந்த பத்திரத்தில் பேனா படக்கூடாது.
"ரெக்டிஃபை பண்ணணும்மா" என்பார்,
வெற்றிலையைக் கடைவாய்க்கு ஒதுக்கிக்கொண்டு.

வலங்கைமான் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர்வாடை.
ஜெராக்ஸ் மிஷினுக்கும் ஸ்டாம்ப் வெண்டருக்கும் நடுவே
என் கீபோர்டு.
பதினாறு வருஷமாய் அடிக்கிறேன்.
ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனபோது
அகராதியில் தேடினேன்.
நேராக்குதல் என்று போட்டிருந்தது.
குடமுருட்டியைக்கூட ஒரு திருப்பத்தில் நேராக்கினார்கள்.
அடுத்த ஐப்பசியில் அது
பழைய வளைவைத் தேடிக்கொண்டு வயலில் இறங்கியது.

நம்மிடம் திருத்தம் இருக்கிறது.
முடியைத் திருத்துகிறோம், விடைத்தாளை,
கருவையை வெட்டிக் கொல்லையை.
ஆளைத் திருத்தப் போய் அலுத்தும் போகிறோம்.
இந்த இங்கிலீஷ் வார்த்தை ஆள்மேல் உட்காராதாம்.
"தப்பைத்தான் ரெக்டிஃபை பண்ணலாம்,
பண்ணினவனை இல்ல"
என்றார் சார், இளஞ்சியம் வந்திருந்த அன்று.

இளஞ்சியத்துக்கு அப்பன் வழியில் இரண்டு மா.
2011 பாகப்பிரிவினையில் சர்வே நம்பர் 141/2.
அவள் நட்டு அறுப்பதோ 114/2.
141/2 ஊரின் சுடுகாட்டுப் பாதை.
பயிர்க்கடனுக்குப் போன இடத்தில்
சொசைட்டி செக்ரட்டரி படித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார்.
"சுடுகாட்டை எழுதி வச்சிருக்கான் என் தம்பி."
அதோடு சரி.
தாய்மாமன் மாலை இல்லாமலே
அவள் மகளுக்குத் தாலி ஏறியது.
ஏழு வருஷம். ஒரே வாய்க்கால், ஒரே மடை.
முறைத்தண்ணீர் ராத்திரிகளில் இரண்டு டார்ச் வெளிச்சமும்
எதிராளி முகத்தில் படாமல் தாழ்ந்தே நடக்கும்.

திருத்தல் பத்திரத்துக்கு
முன்பு கையெழுத்துப் போட்ட இருவரும் வேண்டும்.
வந்தார்கள், வெவ்வேறு பஸ்ஸில்.
ஒரே பெஞ்சில் ஒரு துண்டு அகலம் விட்டு உட்கார்ந்தார்கள்.
நான் அடித்தேன்:

மேற்படி பத்திரம் 'பி' ஷெட்யூலில்
141/2 எனக் கைப்பிசகாய் ஏற்பட்டுவிட்டபடியால்
அதனை 114/2 என்று வாசித்துக்கொள்ள வேண்டியது.
மற்ற ஷரத்துகள் யாவும் முன்போலவே நிலைநிற்கும்.

கைப்பிசகு.
யார் கை என்று இந்தப் பாஷை கேட்காது.
ஏற்பட்டுவிட்டது,
வெள்ளச்சேதம் ஏற்படுவதுபோல்.
அந்தத் தை மாதம் எனக்கு ஏழு மாசம்.
கால் வீங்கி, ராத்திரித் தூக்கம் போய்,
ஒரு நாலு முந்திக்கொண்டது.
பழைய பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில்
தட்டச்சு செய்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது.
அதுவரை யாரும் படிப்பதில்லை.

ராமையன் கட்டைவிரல் மை துடைக்கத் துணி தேடினான்.
அக்காக்காரி முந்தானையை நீட்டவில்லை.
பத்திரம் வைத்திருந்த மஞ்சள்பையை மட்டும்
பெஞ்சோடு அவன் பக்கம் தள்ளினாள்.
அதில் துடைத்தான்.

"பழசைக் கிழிச்சிடாதீங்க" என்றார் சார்.
"ரெண்டையும் சேர்த்தே வைக்கணும்.
இல்லேன்னா இது எதைத் திருத்துதுன்னு
இதுக்கே தெரியாது."

நான் எழுந்து நின்றேன்.
"அந்த நாலு நான் போட்டதும்மா."

சார் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.
ராமையன் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
இளஞ்சியம் என்னை
மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள்.

"வயித்துப் பிள்ளையோட இருந்த பொண்ணு நீதானா?"

தலையசைத்தேன்.

"என்ன படிக்குது இப்ப?"

எட்டாவது, என்றேன்.
வெளியே கும்பகோணம் பஸ் ஹாரன் அடித்தது.
இரண்டு பேரும் எழவில்லை.