இமைக்காமலே

க்ரோனிங்கனில் பிப்ரவரி. ஜன்னலுக்கு வெளியே
கால்வாயின் மேல் அரைகுறைப் பனிக்கட்டி.
வீட்ஸ்கே ஹூகெமாவின் தலையில்
அறுபத்து நான்கு துளைத் தொப்பியை இழுத்து மாட்டி
துளைக்குத் துளை களிம்பு செலுத்துகிறேன்.
"குளிர்கிறதா?"
"பாலத்துக் காற்றை விடவா?"
பத்தொன்பது வருடமாகத் தூக்குப்பாலம் இயக்குகிறாள்.

கண்ணை மூடச் சொல்கிறேன்.
பின்மண்டைக் கோடுகள் சட்டென்று கொழுத்து எழுகின்றன,
நொடிக்குப் பத்து, ஏறக்குறையப் பத்து,
ஆளில்லாத வீட்டில் தானே ஓடும்
தையல் மெஷின் மாதிரி.
திறந்ததும் அடங்குகின்றன.
எத்தனை பேருக்குப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம்.

பிறகு இருட்டறை. நடுவே ஒரு கூட்டல் குறி.
சாம்பலின் மேல் சாம்பலாய்
ஒரு புள்ளி வந்து போகும்.
தெரிந்தால் பொத்தான்.
எண்ணூறு முறை.

பாதியைப் பார்த்தாள். பாதியைப் பார்க்கவில்லை.
அதே புள்ளி, அதே வெளிச்சம், அதே கண்.
இமைக்கவும் இல்லை;
இமைத்திருந்தால் கண்ணோரக் கம்பி காட்டிக்கொடுத்திருக்கும்.

ரைனவுட் வரைபடத்தை விரிக்கிறான்.
அலை இறங்கும்போது வந்த புள்ளி உள்ளே போயிருக்கிறது,
ஏறும்போது வந்தது வாசலோடு திரும்பியிருக்கிறது.
"கொஞ்சம்தான் வித்தியாசம்," அவசரமாய்ச் சேர்க்கிறான்,
"நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு."
இடப்பக்கம் கவனி என்று அம்பு சொன்னபோதெல்லாம்
வலப்பக்கம் பார்க்கும் மூளையில் அலை பெருத்திருந்தது.
கவனிப்பதென்றால் விளக்கேற்றுவது என்றிருந்தேன்.
பாதி வேலை அணைப்பது.

துண்டும் கையுமாய் வீட்ஸ்கே கேட்கிறாள்:
"போன அக்டோபர், காலை ஏழு ஐம்பது.
ஆறு திரையும் பார்த்தேன். காலி. அழுத்தினேன்.
பாலம் எழும்போது நான்காவதில் ஒரு சைக்கிள்.
பையன் குதித்துவிட்டான். ஒரு ஷூ மட்டும் தண்ணீரில்.
பார்த்தீர்களா என்று விசாரணையில் கேட்டார்கள்.
பார்த்தேன் என்றேன். பொய் இல்லை அது.
அது இதுதானா? இந்தப் பத்தில் ஒன்று?"

ரைனவுட் பேனா மூடியைக் கழற்றுகிறான், மாட்டுகிறான்.
நம் புள்ளி கண்சிமிட்டலை விடச் சின்னது.
சைக்கிள் அப்படியில்லை,
அலை மேல் அலையாய் எத்தனையோ அலைகளுக்கு
அங்கேயே இருந்திருக்கும்.
சொல்லலாமா என்று என்னைப் பார்க்கிறான்.
"சரி," என்கிறாள் அவள்,
அவன் வாய் திறக்கும் முன்பே.

தொட்டியில் வெந்நீர் திறக்கிறேன்.
காதுக்குப் பின்னால் களிம்பு விட மாட்டேனென்கிறது.
கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நுரை படும்.
மூடுகிறாள்.
கம்பிகள் கழற்றியாகிவிட்டது.
இப்போது எழுவதை
யாரும் பதியவில்லை.