சிவப்பு நட்சத்திரம்

'பள்ளியின் பெயர்' கட்டத்தைக்
காலியாக விட்டால்
அடுத்த பக்கம் திறக்கவில்லை.
அஸ்தம்பட்டி பிரவுசிங் சென்டரில்
பத்து நிமிடமாக
அந்தச் சிவப்பு நட்சத்திரத்தையே பார்க்கிறோம்.

பிளஸ் டூ, திறந்தநிலைப் பள்ளி.
சனிக்கிழமைகளில் கல்லூரியில்
தாவரவியல் சான்றிதழ் வகுப்பு.
ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும்
வாந்தி எடுக்காமல் இறங்கப் பழகியதை
எந்தப் பாடத்தில் சேர்க்க?

சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடியை
வாரவாரம் அளந்து
அவள் நிரப்பிய ஆறு நோட்டுகளுக்கு
நான் போட்ட மார்க் செல்லாதாம்.

"வீடுன்னு போடவா?"
"எந்த வீடும்மா? நாலு தடவ மாறிட்டோம்."

சென்டர்க்காரர் எட்டி
'மற்றவை'யைச் சொடுக்கினார்.
திறந்தது.

மெர்லின் என் கையிலிருந்து
மௌஸை வாங்கிக்கொண்டாள்.
அடுத்த கேள்வி: விடுதி தேவையா?

கண்ணாடியைத் துடைத்து
நான் மாட்டுவதற்குள்
'ஆம்' என்றிருந்தது.