பக்கம் நாற்பது

நர்சிங் பட்டயம், கவுன்சில் பதிவு,
தோல் பிரிவில் இரண்டு வருஷம் நின்றதற்கு
முத்திரை போட்ட கடிதம்:
எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள்.
இந்தச் சான்றிதழ்த் தேர்வுதான் பாக்கி.

மடிவாளா விடுதி, மேல்கட்டில்.
புத்தகத்தில் எல்லா முதுகும் வெள்ளை.
அழற்சி என்றால் சிவந்திருக்கும்
என்கிறது பக்கம் நாற்பது.

காலையில் சித்தாள் யல்லம்மா
சிமெண்ட் தின்ற கையை நீட்டினாள்.
சிவப்பைத் தேடினேன்.
நாவற்பழம் நசுங்கிய நிறம்.
கையுறையைத் தாண்டிச் சுட்டது.
எரியுதா என்றேன், அரைக் கன்னடத்தில்.
தூங்கி நாலு நாள் என்றாள்.

தேர்வில் அதே கேள்வி,
ஒரு மதிப்பெண்.
பாஸாக வேண்டுமே,
சிவப்பு என்று குறித்தேன்.

வியாழக்கிழமை
கட்டு மாற்ற வந்தாள் யல்லம்மா.
பிரித்துப் பார்த்தேன்.
இன்னும் சிவக்கவில்லை.