வழி

வண்டியின் நெற்றியில் இரண்டு ஊர்கள் பெரிதாய் எரியும்:
பெரம்பூர், பெசன்ட் நகர்.
நடுவே பொடி எழுத்தில் ஒரு சொல், வழி.
அதற்குப் பின்னால் வருவதுதான் என் பிழைப்பு.
புரசைவாக்கம், சேத்துப்பட்டு, ஜெமினி,
லஸ், மந்தைவெளி, அடையாறு.
புறப்படும் இடமும் சேரும் இடமும்
டெப்போவில் எழுதித் தருவது.
இடையில் உள்ளது மட்டும்
பதினெட்டு வருடமாக என் கையில்,
ஒரு தோல்பையோடும் விசிலோடும்.

செவ்வாய்க்கிழமை, காலை எட்டு பத்து.
சேத்துப்பட்டில் ஒரு பையன் ஏறினான்.
கக்கத்தில் ஸ்கேன் உறை,
நீட்டியது ஐநூறு ரூபாய்த் தாள்.
"சில்லறை இல்லியா தம்பி?"
தலையாட்டினான். கண் வேறெங்கோ இருந்தது,
உறைக்குள் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.
டிக்கெட்டின் முதுகில் 485 என்று கிறுக்கி
"எறங்கும்போது வாங்கிக்க" என்றேன்.

ஸ்டெல்லா மேரிஸ் நிறுத்தத்தில்
நெரிசலோடு நெரிசலாக அவன் இறங்கியதை
நான் பார்க்கவில்லை என்று சொல்லலாம்.
பார்த்தேன்.
விசில் என் வாயில்தான் இருந்தது.
இரண்டு முறை ஊதினேன்.
வண்டி நகர்ந்துவிட்டது.

மெர்சி முந்தின ராத்திரிதான் டியூஷன் பணம் கேட்டிருந்தாள்,
நானூற்று ஐம்பது.
"கர்த்தர் கொடுத்தார்" என்று வீட்டில் சொல்ல
நாக்கு அப்போதே தயாராகிவிட்டது.
அதற்குப் பழக்கம் உண்டு.
கேட்காமல் இறங்கியவர்களின் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்.
ஞாயிற்றுக்கிழமை அதில் கொஞ்சம்
ஓட்டேரிக் கோயிலின் சிவப்பு வெல்வெட் பைக்குள்
சத்தம் வராதபடி விரலை உள்ளே விட்டு வைப்பேன்.
பக்கத்தில் ஞானசுந்தரி கண்மூடியிருப்பாள்.
அந்தப் பைக்கும் இந்தப் பைக்கும் நடுவே
அவ்வளவாகத் தூரமில்லை.

லஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது.
பின்படியில் தொங்கிய எவனோ
இருபது ரூபாயை முன்னால் அனுப்பினான்.
கை மாறி வந்தது அது:
கண்ணாடி வளையல் போட்ட கை, கிரீஸ் படிந்த கை,
போனைப் பிடித்திருந்த விரல்களின் இடுக்கு,
திருநீறு பூசியவர், தொப்பி போட்டவர்,
கடைசியாக ஒரு பள்ளிக்கூடச் சிறுமி.
யாரும் யாரையும் பெயர் கேட்கவில்லை.
டிக்கெட்டும் ஐந்து ரூபாயும்
அதே கைகள் வழியாகத் திரும்பிப் போய்ச் சேர்ந்தன.
தினமும் நடப்பதுதான்.
அன்றைக்கு எனக்குக் காது சுட்டது.

கடைசி நிறுத்தத்தில் டீ குடிக்கவில்லை.
485 ரூபாயை எண்ணி ஒரு பழுப்பு உறையில் போட்டு
மேலே "சேத்துப்பட்டு, ஸ்கேன்" என்று எழுதினேன்.
வேறென்ன தெரியும் அவனைப் பற்றி?

இன்று பதினோராவது நாள்.
உறை சட்டைப்பையில் வேர்த்து, எழுத்து ஊறிவிட்டது.
டிரைவர் வரதன் சிரிக்கிறார்,
"அவன் மறந்தே போயிருப்பான் பாக்யம்."
இருக்கலாம்.
மெர்சியிடம் ஒன்றாம் தேதி வரை பொறு என்றேன்.
முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். இன்னும் பேசவில்லை.

முன்பெல்லாம் நீளமாக ஜெபிப்பேன்,
ப்ரமோஷன், வீட்டு லோன், மூட்டு வலி.
இப்போது சுருங்கிவிட்டது:
இன்றைக்கு அவன் ஏறட்டும்.
ஏறாவிட்டாலும்
என் கண் படியை விட்டு விலகாதிருக்கட்டும்.
அவன் அப்பாவோ அம்மாவோ, அந்த உறைக்குள் இருந்தவர்
நன்றாக இருக்கட்டும்.

சேத்துப்பட்டு.
யாரோ கையில் உறையோடு ஓடி வருகிறார்கள்.
அவன் இல்லை. யாரோ ஒரு அம்மா, கல்யாணப் பத்திரிகை.
நேரமாகிவிட்டது, பின்னால் ஹாரன் அலறுகிறது.
ஒற்றை விசில் கொடுத்தேன்.
வரதன் திட்டிக்கொண்டே பிரேக்கை மிதித்தார்.