இருபத்து நான்கில் ஒன்று

பகலில் பல் செய்கிறேன், அஸ்தம்பட்டியில்.
பிறர் வாய்க்கு, பிறர் நிறத்தில்.
வெற்றிலைக் கறையைக்கூடக் கேட்டு வாங்குகிறார்கள்,
பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போக.

இரவில் அதே இடுக்கி, அதே தூரிகை,
உள்ளங்கையில் அடங்கும் பந்தயக் கார்.
இருக்கைப் பட்டைக்குச் சாக்லேட்டின் ஈயத்தாள்.
பிரேக் குழாய்க்கு, செவ்வாய்ப்பேட்டையில்
கெஞ்சி வாங்கிய வெள்ளிக் கம்பி,
கொலுசுக்குப் போக மீந்தது.
ஸ்டியரிங் ஒரு தும்மலில் பறந்தது.
டார்ச்சோடு தரையெல்லாம் தவழ்ந்தோம்.
மூன்றாம் நாள்
மாசிலாமணியின் சட்டைப் பையில் இருந்தது.

எல்லாம் ஒட்டி முடித்துப் பார்த்தால்
பொய்.
ஷோரூமில் நிற்கிறது.
ராத்திரி முழுக்க ஓடிய வண்டி என்று யார் நம்புவார்?

ஞாயிறு ஏற்காட்டுக்கு ஏறினோம்.
பதினோராம் கொண்டை ஊசி வளைவில்
ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி,
தடுப்புச் சுவரோரப் புழுதியை வழித்து
மாத்திரை டப்பாவில் அடைத்தேன்.
“மண்ணுக்கா இவ்ளோ பெட்ரோல்?”
குரங்குகளும் அதையே கேட்பதுபோல் பார்த்தன.

வீட்டில் தூவினேன்.
புழுதியா அது, பாறைச் சரிவு.
கம்பியைச் சுருக்கலாம், போல்ட்டைச் சுருக்கலாம்,
ஓட்டுநரின் பெயரையும் கதவில் சுருக்கி எழுதலாம்.
தூசி மட்டும் சம்மதிக்கவில்லை.
மலை தன்னைக் குறைத்துக் குறைத்து
வந்து நின்ற அளவு அது.

ஊதித் துடைத்தேன்.
பீங்கான் பல்லுக்கு ஏற்றும் பழுப்பைக் குழைத்து
சக்கரத்தின் பின்னால் மெல்லிசாய் இழுத்தேன்,
நாளுக்கு எட்டு டீ குடிப்பவரின்
கீழ்வரிசைக்குப் போடுவதுபோல.

காலையில்
மாசிலாமணி ஈரத்துணியோடு நிற்கிறார்:
“இதை ஏன் கழுவாமலே வெச்சிருக்க?”