கூரையின் வகை

படிவத்தில் மூன்று பெட்டிகள்:
ஓடு, தகரம், கிடுகு.
நான் நிற்பது நான்காவதன் கீழே.

மாங்குளம் சந்தியில் திரும்பி
ஒட்டுசுட்டான் றோட்டிலிருந்து மோட்டார் சைக்கிளை
மணலில் இறக்கி, பாலைமரங்களுக்குள் முக்கால் மணி.
ஏழு வீடுகள் இருந்தனவாம்.
மூன்றுக்குத் தலை உண்டு.
இரண்டின் தலை நிலத்தில் கிடக்கிறது,
உள்ளிருந்த கம்பியெல்லாம் வெளியே தெரிய.
மிச்சம் இரண்டும் அத்திவாரம்;
நடுவே, வெடி எடுத்தவர்கள் மறந்துபோன குச்சி,
சிவப்பு வெளிறி ரோசாவாய்.

வன்னியில் கொலனி என்றால்
வாய்க்கால், மூன்று ஏக்கர், ஒரு மண்வெட்டி.
ஐம்பத்திரண்டில் இதையும் கொலனி என்றுதான்
காணிக் கந்தோரில் பதிந்திருக்கிறார்கள்.
பயிர் என்ற இடத்தில்: படம்.
எழுதியவர் சிரித்தாரா என்று
மை சொல்லவில்லை.

வரைந்தவர் குணபூஷணம்,
குளிர் நாடொன்றில் படித்துத் திரும்பியவர்.
முகடு வேண்டாம் என்றார். தாழ்வாரம் வேண்டாம்.
மூலைக்குத் தூண் வேண்டாம், கண்ணாடி போதும்.
"மூலையில்லாட்டி விளக்குமாற எங்க சாத்திறது?"
மேசன் அந்தோனிப்பிள்ளை கேட்டது
கோப்பில் இருக்கிறது. பதில் இல்லை.
ஊர் தீப்பெட்டி என்று பெயர் வைத்தது.
முதல் மாரியில் தீப்பெட்டி நனைந்தது.
நான்காம் வீட்டு ஓவியர் இரத்தினேஸ்வரி
அரசாங்க அதிபருக்கு எழுதுகிறார்:
ஐயா, என் படத்தில் ஓர் ஆறு ஓடுகிறது.
அதை நான் வரையவில்லை.

அதைவிடப் பெரிய பிழை வெளிச்சத்தில்.
வடக்குப் பக்கம் கூரையை வெட்டி
ஆளுயரக் கண்ணாடி பதித்தார்.
வடக்கு வெளிச்சம் அசையாது, நிழல் தராது,
படம் எழுத அதுதான் உகந்தது என்று
அங்கே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.
சித்திரை பிறந்ததும்
சூரியன் தலைக்கு மேலால் நடந்து
வடக்கே போய் நின்றுகொண்டு உள்ளே பார்த்தது.
ஆவணி முடியும்வரை போகவில்லை.
ஏழு வீட்டாரும் வர்ணக் குழாய்களை மூடிவைத்துவிட்டு
அந்த நான்கு மாதமும் சண்டை பிடித்தார்கள்.
எதைப் பற்றி என்று கோப்பில் இல்லை.
அறுபத்தொன்றில் கடைசி ஆள் பஸ் ஏறினார்.

"தொரை பங்களான்னுதான் நெனச்சோம்" என்கிறார் பேச்சியம்மா.
எழுபத்தேழில் பூண்டுலோயாவிலிருந்து
லொறியில் வந்து இறங்கியவர்.
"லயத்துல ஒரே சன்னல், அதுவும் தொறக்காது.
இங்க வந்து பாத்தா வானத்துக்கே சன்னல்.
முக்காலியாட்டம் ஒசரமா ஒண்ணு நின்னுச்சு,
அதுல துணி காயப்போட்டோம்."

அடுப்புக்குப் பின்னால் கரியைத் துடைத்தேன்.
ஒன்பது கோடுகள், ஒவ்வொன்றும் விரலகலம்,
வெள்ளையிலிருந்து நீலம்வரை.
யாரோ குளத்தின் காலையைத் தேடியிருக்கிறார்கள்.
ஐந்தாவதில் கிட்ட வந்து
ஆறாவதில் தவறவிட்டிருக்கிறார்கள்.
கடைசி நீலத்தை ஒட்டிப் பால் கணக்கு:
செவ்வாய் இரண்டு போத்தல், புதன் இல்லை.

இது ஐப்பசி. சூரியன் தெற்கே போய்விட்டது.
சுளகை அந்தக் கண்ணாடியின் கீழே வைத்து
பேச்சியம்மா அரிசியில் கல் பொறுக்குகிறார்.
சுளகில் நிழலில்லை.
அவர் விரல் தேடவில்லை, நேரே போய் எடுக்கிறது.
குணபூஷணம் கணக்குப் போட்ட வெளிச்சம்
இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மழை வந்தால் எங்கெங்கே சட்டி வைப்பது என்று
அவருக்கு மனப்பாடம். பதினொரு இடம்.
"மேல தகரம் போட்டுக் குடுங்க மிஸ்.
வேற ஒண்ணும் வேணாம்."

தகரம், இருபத்தெட்டுத் தாள் என்று எழுதினேன்.
வெட்டி, இருபத்தேழு என்றேன்.
பக்கத்தில் சின்ன எழுத்தில்:
ஒளி விடும் தகடு ஒன்று, வடக்குக்கு.
கணக்காளர் ஏனென்று கேட்பார்.
அரிசிக்கு என்று சொன்னால் நம்புவாரோ தெரியாது.

கூரையின் வகை இன்னும் வெறுமையாய்.
பேனாவின் மூடியைத் தேடுகிறேன்.
பேச்சியம்மா தலை நிமிராமல் கேட்கிறார்,
"கார்த்திகைக்கு முன்னால வருமா?"